பழைய அவுட்போர்டு இஞ்சின் வாங்கப் போகிறீர்களா? அடியிலிருந்து பாருங்கள்

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலையில். அடுத்து வந்த தை மாதத்தில், படகின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்டு இஞ்சின் ஒன்று வாங்கினேன். 8 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுவது. மேல்மூடி பளபளவென்று இருந்தது. இரண்டாவது இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. "நல்லா ஓட்டிப் பாத்துக்கங்க தம்பி, நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார் விற்றவர். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

பத்தொன்பதாவது நாள், முத்துப்பேட்டை லகூனுக்கு நடுவில் கிரீச்சென்று ஒரு சத்தம். இஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால், அது சுற்றவேண்டிய பிளைவீல் சக்கரம் இம்மியும் அசையவில்லை. கழி ஊன்றி ஊன்றி ஜாம்பவானோடை வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது.

அதிராம்பட்டினத்தில் ஒரு மெக்கானிக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, கிராங்க் பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஊசி ஊசியாக இருக்கும் அந்த உருளைகள் எல்லாவற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி செம்புள்ளி. "இது புயல்ல முழுகுனது தம்பி. மேல கழுவி, பெயின்ட் அடிச்சு, எண்ணெய் விட்டு ஓட்டிருக்காங்க. உப்பு உள்ளயே உக்காந்துருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு எனக்காகவும் தெரிந்தவர்களுக்காகவும் பழைய இஞ்சின்கள் நிறைய பார்த்துவிட்டேன். நம் பகுதியில் இஞ்சினைத் தின்பது தண்ணீர்தான். உப்பும் சேறும் கலந்த தண்ணீர். எத்தனை வருஷம் ஓடியது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஆகவே நான் இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். தண்ணீர் போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா? போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறதா? கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த இரண்டுக்கும் விடை தேடுவதுதான்.

காவிரி டெல்டா கடற்கரையில், பழையாறு முதல் மல்லிப்பட்டினம் வரை ஃபைபர் படகில் மாட்டும் சிறிய டூ ஸ்ட்ரோக் இஞ்சின்களை, அதாவது எரிபொருளோடு ஆயிலைக் கலந்து ஓட்டுபவற்றை, மனதில் வைத்தே எழுதுகிறேன். 8, 9.9, 15 குதிரைத்திறன் என்று வருபவை. யமஹா, சுசுகி, தோஹாட்சு எதுவானாலும் பார்க்கும் முறை ஒன்றுதான். நீளத் தண்டு வைத்த டீசல் இஞ்சின் வேறு கதை, அதை இங்கே சேர்க்கவில்லை.

கிளம்புவதற்கு முன்

விற்பவருக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "அண்ணே, நாளைக்குக் காலையில வர்றேன். நான் வர்றதுக்கு முன்னாடி இஞ்சினை ஓட்ட வேணாம். செங்குத்தா நிறுத்தியே வைங்க." இதில் இரண்டு லாபம். சூடான இஞ்சின் தன் குறையை மறைத்துவிடும், ஆறிய இஞ்சின் மறைக்காது. ராத்திரி முழுக்க நிமிர்ந்து நின்ற இஞ்சினில், கியர் ஆயிலுக்குள் தண்ணீர் இருந்தால் அது அடியில் வந்து தங்கியிருக்கும். நீங்கள் போய்த் தொட்டுப் பார்க்கும்போது சிலிண்டர் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஆறும்வரை காத்திருங்கள். என்ன அவசரம்?

கையோடு கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. மெல்லிய வெளிச்சம் அடிக்கும் டார்ச், அகலமான தட்டை ஸ்க்ரூ டிரைவர், 21 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், வெள்ளைத் துணி, ஒரு கண்ணாடி டம்ளர், கியர் ஆயில் திருகுக்குப் புது வாஷர் இரண்டு, ஒரு சாக்பீஸ். முக்கியமாக, நீங்களே ஆயில் கலந்த புது பெட்ரோல் ஒரு கேனில். விற்பவரின் டாங்கில் இருப்பது எத்தனை நாள் பழையதோ. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் சேர்த்திருக்கிறார்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் கொட்டகையில் இரண்டு மாதம் கிடந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு இஞ்சினைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

எந்தத் துறையில் ஓடியது?

விலை பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள். நம் டெல்டாவில் ஒவ்வொரு துறையும் இஞ்சினுக்கு ஒவ்வொரு நோயைக் கொடுக்கும்.

மணல் கரையில் அலையைத் தாண்டி இறக்கி ஏற்றும் இடங்களில் ஓடிய இஞ்சின் அடி வாங்கியிருக்கும். அடியில் மீனின் துடுப்பு மாதிரி நிற்கும் தகட்டைப் பாருங்கள். முனை மழுங்கி, ஒரு விரல்கடை குறைந்திருந்தால் மணலில் நன்றாக உழுதிருக்கிறது என்று அர்த்தம். புரொப்பல்லர் இதழ்களின் ஓரம் கத்திபோல் மெலிந்திருக்கும். இதெல்லாம் பார்க்க அசிங்கமே தவிரப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அந்த அடி புரொப்பல்லர் தண்டை வளைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நியூட்ரலில் புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்டின் முனைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். முனை நேராகச் சுழல்கிறதா, குச்சியை நெருங்கியும் விலகியும் போகிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

முத்துப்பேட்டைப் பக்கம் கோரையாறு, பாமணியாறு, கிளைத்தாங்கியாறு எல்லாம் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் இடம். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. அலையாத்திக் காட்டு ஓரமாக ஓடிய இஞ்சின் தண்ணீரோடு சேற்றையும் குடித்தே வளர்ந்திருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லரும், அது சுழலும் கிண்ணமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கரைந்திருக்கும். இந்த இஞ்சினில் உங்கள் சந்தேகம் முழுக்கக் குளிர்விக்கும் தண்ணீர் போகும் வழியில்தான் இருக்க வேண்டும்.

கொள்ளிட முகத்தில் ஓடியதற்கு மணல், சேறு இரண்டுமே உண்டு. வேதாரண்யம், கோடியக்கரை, புஷ்பவனம், அதிராம்பட்டினம் பக்கம் 2018-க்கு முன் வாங்கிய இஞ்சின் என்றால், "கஜாவுல இது எங்க இருந்துச்சு?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். நேர்மையான ஆள் சொல்லிவிடுவார். மற்றவர் முகம் சொல்லிவிடும்.

முதலில் கீழே: கியர் ஆயில்

எல்லோரும் மேல்மூடியைத் திறந்து பார்க்கவே ஆசைப்படுவார்கள். நீங்கள் குந்தி உட்கார்ந்து அடியைப் பாருங்கள். கியர் பெட்டியின் பக்கவாட்டில் கீழே ஒரு திருகு, மேலே ஒரு திருகு இருக்கும். மேல் திருகைத் தொடாமல், கீழ்த் திருகை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். அடியில் டம்ளரைப் பிடியுங்கள். மேலே காற்று போக வழியில்லாததால் வேகமாகக் கொட்டாது, சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அந்த முதல் நான்கைந்து சொட்டுகளைக் கவனமாகப் பாருங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால் ராத்திரி முழுக்க அடியில் வந்து தங்கியிருக்கும். முதலில் வருவது தெளிந்த தண்ணீராக இருந்தால், தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் ரப்பர் சீல் போய்விட்டது. தண்ணீருக்குப் பதில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால், தண்ணீர் புகுந்தபிறகும் ஓட்டிக் கலக்கியிருக்கிறார்கள். தேன் நிறமோ சற்றுக் கருத்த நிறமோ, நூல்போல இழுபட்டு வந்தால் நல்லது. கன்னங்கரேலென்று கருகிய வாடை வந்தால் ஆயில் மாற்றி வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.

இப்போது ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்து, வெள்ளைத் துணியில் தடவி வெயிலில் காட்டுங்கள். மாவு மாதிரி நைசாகச் சாம்பல் நிறம் தெரிந்தால் சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். மினுமினுவென்று செதில் தெரிந்தால், விரலில் நெருடினால், உள்ளே பல் உடைகிறது. நான் என்றால் அத்தோடு எழுந்துவிடுவேன்.

"ஆயில் நேத்துதான் மாத்துனேன் தம்பி" என்ற பதில் அடிக்கடி வரும். நல்ல மனதோடு மாற்றியிருக்கலாம், மறைப்பதற்காகவும் மாற்றியிருக்கலாம். வாக்குவாதம் வேண்டாம். கடைசியில் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தபிறகு இதே திருகை இன்னொரு தடவை தளர்த்திப் பாருங்கள். கெட்ட சீல் அரைமணி ஓட்டத்திலேயே புது ஆயிலை வெளுக்க ஆரம்பித்துவிடும். திருகை மூடும்போது பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பத்து ரூபாய் சமாசாரத்தால் ஆயிரக்கணக்கில் செலவு வைத்துக்கொண்ட ஆட்கள் உண்டு.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது? நம் ஊரில் பெரும்பாலும் தங்கூஸ் நரம்பால்தான், அதாவது மீன்பிடிக்கும் நைலான் நூலால். புரொப்பல்லரைப் பிடிக்கும் பின்னை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, புரொப்பல்லரை வெளியே இழுத்துப் பாருங்கள். தண்டைச் சுற்றி அறுந்த நரம்பு சிக்கியிருக்கிறதா? நண்டு வலைத் துண்டோ நரம்போ அங்கே சுற்றினால் சுழற்சியின் சூட்டில் இறுகி, சீலின் உதட்டைக் கத்திபோல் அறுக்கும். ஒருமுறை நான் கழற்றியபோது, நூல்கண்டு மாதிரி ஒரு முழ நீளத்துக்கு நரம்பு வந்தது. ஓட்டியவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. நரம்பு இருந்து ஆயில் இன்னும் நன்றாக இருந்தால், சீல் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

புரொப்பல்லரைத் திரும்ப மாட்டியதும், நடு உருளையிலிருந்து வெளி உருளைவரை நீளும்படி சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் இருக்கும். அது வழுக்கினால் இஞ்சின் கத்தும், படகு நகராது. ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு ஒடிந்து விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது. ஈரத்தில் சாக்பீஸ் அழிந்துபோகுமே என்று நினைத்தால், ஆணியால் மெல்லக் கீறிக்கொள்ளலாம். சிறிய இஞ்சின் சிலவற்றில் ரப்பருக்குப் பதில் உடைந்துபோகும் பின் இருக்கும், அதற்கு இந்த வேலை தேவையில்லை.

கியரை முன், நியூட்ரல், பின் என்று போட்டு ஒவ்வொன்றிலும் புரொப்பல்லரைக் கையால் திருப்புங்கள். போட்டதும் டக்கென்று விழ வேண்டும். கொரகொரப்பு இருக்கக்கூடாது.

முடிந்தால் கீழ்ப்பகுதியைக் கழற்றுங்கள்

விற்பவர் சம்மதித்தால் மட்டுமே இது. நான்கைந்து போல்ட்டும் கியர் கம்பியும் கழன்றால் அடிப்பகுதி தனியே வந்துவிடும், தண்ணீர் பம்ப் கண்ணுக்குத் தெரியும். ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் எல்லாம் நேராக விரிகின்றனவா, ஒரு பக்கம் மடிந்தபடியே நின்றுவிட்டனவா என்று பாருங்கள். அதன் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது இம்பெல்லர் மட்டும் போதாது, முழு செட்டையும் மாற்ற வேண்டும்.

போல்ட் அசையவே இல்லை என்றால்? அதுவும் ஒரு பதில்தான். அலுமினியத்துக்குள் உப்பு பூத்துப் போல்ட்டை விழுங்கியிருக்கிறது. இந்த இஞ்சினுக்கு வாங்கிய நாளிலிருந்து யாரும் இம்பெல்லர் மாற்றியதில்லை. வலுக்கட்டாயமாகத் திருகி உடைத்துவிடாதீர்கள், அப்புறம் அந்த இஞ்சின் உங்கள் தலையில்தான்.

பக்கத்திலேயே துத்தநாகக் கட்டி ஒன்று இருக்கும். இஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைவதே அதன் வேலை. பாதி கரைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். பத்து வருஷ இஞ்சினில் அது புதுசு மாதிரி முழுசாக இருந்தால், ஒன்று புதிதாக மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் மேலே பெயின்ட் அடித்து அதை வேலை செய்யவிடாமல் ஆக்கியிருக்கிறார்கள். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது கதை என்றால் துத்தநாகம் கரையாததற்குப் பதில் இஞ்சினின் உடம்பு கரைந்திருக்கும்.

மூழ்கி எழுந்த இஞ்சினா?

இப்போது மேல்மூடியைத் திறக்கலாம். திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். பெட்ரோல், எண்ணெய் வாடை இயல்பு. உப்பங்கழியின் சேற்று வாடையோ, புது பெயின்ட் வாடையோ வந்தால் உஷார்.

முழு இஞ்சினும் ஒரே நிறத்தில் பளிச்சென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் அதிகமாகும். வேலை செய்த இஞ்சினில் அங்கங்கே நிறம் மங்கியிருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். ஒயர், ரப்பர் குழாய், ஸ்டிக்கர் மேலெல்லாம் ஸ்ப்ரே பெயின்ட் தெறித்திருந்தால், எதையோ அவசரமாக மூடியிருக்கிறார்கள். போல்ட் தலைகளில் ஸ்பேனர் வழுக்கிய தழும்பைத் தேடுங்கள். சிலிண்டர் தலையின் போல்ட்டுகளில் மட்டும் புதுத் தழும்பு இருந்தால், ஏன் திறந்தீர்கள் என்று கேளுங்கள். கேஸ்கட் மாற்றினேன் என்று பில்லோடு சொன்னால் அது நல்ல சேதி.

மூழ்கிய இஞ்சினைக் கழுவுகிறவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தை மட்டுமே கழுவுவார்கள். டார்ச்சை எடுத்துக் கை எட்டாத இடங்களில் அடியுங்கள். பிளைவீலுக்கு அடியில், மின்சாரம் தரும் கம்பிச்சுருள் (காயில்) இருக்கும் இடத்தில், மெல்லிய சேற்றுப் படிவமோ மணல் பருக்கையோ ஒட்டியிருக்கிறதா? ஒயர் இணைப்புகளில் ஒன்றைப் பிரித்து, செம்புக் கம்பியைப் பாருங்கள். பச்சை பூத்து, நீலப் பொடி உதிர்ந்தால் அங்கே உப்புத் தண்ணீர் நின்றிருக்கிறது. கார்புரேட்டருக்குப் பின்புறம், கயிறு சுற்றும் ஸ்பிரிங் டப்பாவின் உட்புறம், இவைதான் எனக்கு உண்மை சொன்ன இடங்கள். என்னுடைய அந்த முதல் இஞ்சினில், கயிறு டப்பாவுக்குள் காய்ந்த பாசியே இருந்தது. வாங்குவதற்கு முன் நான்கு திருகைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை.

நன்னீரில் மூழ்கி, அன்றைக்கே பிரித்துச் சுத்தம் செய்தது என்றால் பிழைத்துவிடும். உப்பு நீரில் மூழ்கி நாள்கணக்கில் அப்படியே கிடந்ததற்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். உதிரிப்பாகத்துக்கு வாங்கினால் மட்டும் சரி.

பிளக்கும் கம்ப்ரஷனும்

இரண்டு பிளக்கையும் கழற்றி, எது மேல் சிலிண்டர், எது கீழ் சிலிண்டர் என்று மாறிவிடாமல் வரிசையாக வையுங்கள். காபி நிறம் என்றால் நல்லது. ஈரமும் கரியும் என்றால் ஆயில் அதிகமாகக் கலந்தது, அல்லது அந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒன்று மட்டும் கழுவி விட்டதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தால், அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகலாம், தலை கேஸ்கட் சந்தேகம். முனையில் வெள்ளி மணிபோல் துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருக ஆரம்பித்திருக்கிறது. இரண்டும் கடையிலிருந்து எடுத்த புது பிளக்காக இருந்தால் இங்கே ஒன்றும் தெரியாது, ஓட்டியபிறகு மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது இரண்டு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பிளக் ஒயர்களை இஞ்சின் உடம்பில் தொட வையுங்கள், அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால், பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐ பெட்டி கெட்டுப்போகலாம். ஐந்தாறு முறை ஒரே பலத்தில் இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டூ ஸ்ட்ரோக் என்றால் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருப்பதை எதிர்பார்க்கலாம். மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு வடிவமைப்பிலேயே கம்ப்ரஷன் குறைவு, அதனால் எண் குறைந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல ஜோடி. ஒன்று 95, இன்னொன்று 70 என்று வந்தால் ஒரு பக்கம் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது சிலிண்டர் கீறியிருக்கும். மண்ணெண்ணெயில் கரி அதிகம் என்பதால் ரிங் ஒட்டுவது நம் ஊர் இஞ்சின்களுக்குச் சகஜம்.

கேஜ் இல்லையா? மேல் பிளக்கை மட்டும் போட்டு இழுங்கள், பிறகு கீழ் பிளக்கை மட்டும் போட்டு இழுங்கள். கைக்குத் தெரிகிற கனம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கேஜ் அளவுக்குத் துல்லியம் இல்லைதான், ஆனாலும் மோசமான சிலிண்டர் கைக்குத் தப்பாது.

ஸ்டார்ட் பண்ணும்போது

டிரம்மில் தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் தகடு நன்றாக மூழ்கும்படி இஞ்சினை மாட்டுங்கள். "சும்மா ஒரு நிமிஷம்" என்று தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். இம்பெல்லர் கருக அந்த ஒரு நிமிஷமே போதும். அப்படி ஓட்டிக் காட்டுவதே பழக்கம் என்றால், இதற்கு முன்னாலும் அப்படித்தானே காட்டியிருப்பார்?

கயிற்றை நீங்களே இழுங்கள். விற்பவருக்கு அந்த இஞ்சினின் மனம் தெரியும். சோக் எவ்வளவு, எந்த வேகத்தில் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குப் பழகியிருக்கும். ஆறிய இஞ்சின் ஐந்தாறு இழுப்புக்குள் பிடித்தால் எனக்குத் திருப்தி. நீலப் புகை முதலில் வரத்தான் செய்யும். வெள்ளைப் புகை ஆவியாக விடாமல் வந்தால் மறுபடியும் அந்த கேஸ்கட் சந்தேகம்.

ஓட ஆரம்பித்ததும் பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ஒரே சீராக, தொட்டால் வெதுவெதுப்பாக. விட்டு விட்டு வந்தாலோ, ஆவி பறந்தாலோ நிறுத்துங்கள். ஆனால் அந்தப் பீய்ச்சலை மட்டும் நம்பிவிட வேண்டாம். பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே அது சொல்லும். சிலிண்டரைச் சுற்றியுள்ள வழி உப்புப் படிந்து அடைத்திருந்தாலும் வெளியே தண்ணீர் வரலாம். அதனால் பத்து நிமிஷம் ஓடியபிறகு சிலிண்டர் தலையில் நான்கு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சொய்யென்று சீறினால் உள்ளே அடைப்பு.

மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு இன்னொரு சோதனை. பெட்ரோலில் சூடாக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது திக்காமல் மாற வேண்டும். அப்புறம் விற்பவரையே நிறுத்தச் சொல்லி, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பழகிய ஆள் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் நிறுத்துவார், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் இருக்க. மண்ணெண்ணெயிலேயே பட்டென்று நிறுத்தினால், இத்தனை வருஷமும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார். அடுத்த நாள் காலையில் நூறு இழுப்பு இழுத்திருக்கிறார் என்றும் புரிந்துகொள்ளலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இதற்கெல்லாம் முன்பு ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர். அளவு கூடிப்போய் பெட்ரோல் வாடை வந்தால் எரிபொருள் கீழே இறங்குகிறது.

தண்ணீரில், பாரத்தோடு

டிரம்மில் நன்றாக ஓடிய இஞ்சின் படகில் ஏமாற்றிய கதைகள் நிறைய. உங்கள் படகிலேயே மாட்டிப் பார்ப்பது உத்தமம். அதற்கு முன் தண்டின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவு. உங்கள் படகின் பின்பலகை உயரத்துக்கு எது பொருந்துமோ அதுதான் வேண்டும். குட்டைத் தண்டு உயரமான பலகையில் மாட்டினால் அலையில் காற்றைக் கிண்டும். நீளத் தண்டு தாழ்ந்த பலகையில் மாட்டினால் முத்துப்பேட்டைச் சேற்றைக் கிண்டும்.

மூன்று ஆள், ஐஸ் பெட்டி, வலை என்று தொழிலுக்குப் போகிற பாரத்தோடு போங்கள். பத்து நிமிஷம் முழு வேகத்தில் விடுங்கள். இஞ்சின் சூடேறியபிறகு ஒரு சிலிண்டர் விட்டுப்போய், சத்தம் தொம்தொம்மென்று மாறினால் காயிலோ சிடிஐயோ சூட்டில் சாகிறது. ஆறியதும் மறுபடி பிழைத்துக்கொள்ளும், அதனால்தான் கரையில் தெரிவதில்லை. அப்புறம் நடுத்தண்ணீரில் நிறுத்தி, ஐந்து நிமிஷம் விட்டு, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஆறிய இஞ்சின் பிடிப்பதைவிட இது கடினமான பரீட்சை. முழு பாரத்தில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே பல் மழுங்கிவிட்டது. ஒரு கழியையும் துடுப்பையும் படகில் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள், என் அனுபவம் சொல்கிறது.

கரைக்கு வந்ததும் மூன்று வேலை: கியர் ஆயில் திருகு, பிளக், புரொப்பல்லரில் போட்ட கோடு. மூன்றையும் மறுபடி பாருங்கள்.

காகிதமும் விலையும்

இஞ்சினைப் பின்பலகையில் பிடிக்கும் கிளாம்ப் பக்கம் எண் தகடு இருக்கும். உரித்திருந்தாலோ, சுரண்டியிருந்தாலோ பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பில்லோடும் படகுப் பதிவுச் சான்றோடும் ஒப்பிடுங்கள். மானியத்தில் வாங்கியது என்றால் விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். காரைக்காலிலிருந்து வரும் இஞ்சின் என்றால் அது புதுச்சேரி அரசின் கணக்கு, அங்கே கேட்க வேண்டும். பணத்தை ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில், எண் எழுதிய ஒரு தாளோடு கைமாற்றுவது நம் கடற்கரையில் எப்போதும் நல்லது.

விலை பேசும்போது கண்டுபிடித்த குறைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். இம்பெல்லர், பிளக், கார்புரேட்டர் சுத்தம், பெட்ரோல் குழாய் எல்லாம் எப்படியும் செய்யவேண்டியதுதான், பேரம் பேச மட்டும் உதவும். சீல், பம்ப் செட், தலை கேஸ்கட் என்றால் மெக்கானிக்கிடம் விலை கேட்டு, அதைக் கழித்துத்தான் தொகை சொல்வேன். கியர் பல், சிடிஐ, ஒரு பக்கம் மட்டும் கம்ப்ரஷன் குறைவு, மூழ்கிய அடையாளம், இவற்றில் ஒன்று இருந்தாலும் எனக்கு வேண்டாம். கூடவே, அந்த மாடலுக்கு நாகப்பட்டினத்திலோ அதிராம்பட்டினத்திலோ உதிரிப்பாகம் கிடைக்கிறதா என்று முந்தைய நாளே கேட்டு வைத்திருப்பேன். பாகம் கிடைக்காத நல்ல இஞ்சினைவிடப் பாகம் கிடைக்கிற சுமாரான இஞ்சின் மேல்.

வாங்கிவந்த அன்றைக்கே இம்பெல்லர், கியர் ஆயில், இரண்டு பிளக் மூன்றையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் விட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். என் இப்போதைய இஞ்சினின் மேல்மூடிக்கு உள்புறம் இம்பெல்லர் மாற்றிய தேதிகளை மார்க்கரால் எழுதி வைக்கிறேன். ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து தேதி இருக்கிறது. யாராவது அதை விலைக்குக் கேட்டு வந்தால், மூடியைத் திறந்து அந்த இடத்தைத்தான் முதலில் காட்டுவேன்.